பழைய மாஸி டிராக்டர்: செல்ஃப், டைனமோ, பேட்டரி கோளாறுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸி பெர்குசன் 35, அதன் வழியில் சென்னையின் டாஃபே நிறுவனம் தயாரித்த 1035 ஆகிய இரண்டையும் மனதில் வைத்து எழுதியது இது. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி, எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்), ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் லூகாஸ் வகை டைனமோ, டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட்டும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் உள்ள கட்அவுட் பெட்டி என்பதுதான் அமைப்பு. அதே காலத்து மற்ற டிராக்டர்களிலும் ஒயர் நிறமும் டெர்மினல் எழுத்தும் மாறலாம், சோதிக்கும் முறை மாறாது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

செல்ஃப் அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தமே இல்லையா, 'டக்' என்று மட்டும் கேட்கிறதா, திணறிச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? நான்கும் நான்கு வேறு கோளாறுகள். இந்த டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் கரண்ட் தேவையே இல்லை. சுற்றிவிட மட்டும்தான் வேண்டும். அதனால் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் ஒயரைத் தொடாமல் டீசல் பக்கம் போங்கள்.

சுற்றும் வேகத்தைக் காதாலேயே அளக்கலாம். மூன்று சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை கம்ப்ரெஷன். 'தம் தம் தம்' என்று நொடிக்கு மூன்று கேட்டால் நிமிடத்துக்கு 120 சுற்று; அது போதும். நொடிக்கு இரண்டுக்கும் கீழே என்றால் 80 சுற்றுகூட இல்லை, டீசல் பற்றும் சூடு உள்ளே வராது.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், இரண்டு ஒயர் பற்றவைத்த 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி), கம்பி பிரஷ். இவை இல்லாமல் செல்ஃபைக் கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்கிப் போவதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

பேட்டரி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சார்ஜ் ஏற்றி நான்கு மணி நேரமாவது சும்மா வைத்த பிறகு அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8-க்குக் கீழே போனால் காலி.

இது பாதிச் சோதனைதான். செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். எஞ்சின் பற்றாதபடி டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தாங்கவில்லை, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டரால் பாருங்கள். நம் வெயிலுக்கு முழு சார்ஜில் 1.240 முதல் 1.260 வரை இருக்கும். அளவைவிட முக்கியம், ஆறும் ஒன்றுபோல இருப்பது. ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்தச் செல் போய்விட்டது. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் மறுநாள் இறங்கிவிடும்.

இந்த எஞ்சினுக்கு 75 முதல் 88 ஆம்பியர்-அவர் பேட்டரி சரியாக இருக்கும். வெளியே சார்ஜ் போட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8 ஆம்பியரில் போடுங்கள். பிளேட்டுக்கு மேல் 10 மி.மீ. உயரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் நிற்க வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி ஆயுள் அன்றோடு குறையத் தொடங்கும்.

புது பேட்டரி போட்டும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் பெரும்பாலும் கேபிளிலும், பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்போடு சேர்க்கும் எர்த்திலும் இருக்கிறது.

செல்ஃப் சுமார் 250 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு கரண்ட் போகும் வழியில் ஒரு ஓமில் 250-ல் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒரு வோல்ட் அங்கேயே தின்றுபோகும். பச்சை பூத்த கிளாம்ப் ஒன்று, பெயிண்ட் மேலேயே முறுக்கிய எர்த் போல்ட் ஒன்று, பாதி இழை அறுந்த லக் (கேபிள் முனை வளையம்) ஒன்று என்று மூன்று இருந்தால் போதும். பேட்டரியில் 10.5 வோல்ட் இருக்கும், மோட்டாருக்கு 8 கூடப் போகாது.

கண்டுபிடிக்கும் வழி இது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பேட்டரி எர்த் மைனஸ் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸின் ஈயத் தண்டிலேயே வைக்க வேண்டும், கிளாம்பில் அல்ல. கருப்பு முனை செல்ஃபின் பெரிய போல்ட்டில். ஸ்டாப்பை இழுத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. கூடினால் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: தண்டிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து லக், சொலினாய்டின் (சாவியைத் திருப்பியதும் செல்ஃபுக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுக்கும் இடையே. எந்த இடத்தில் எண் தாவுகிறதோ அங்கேதான் கோளாறு.

அடுத்து எர்த் பக்கம். ஒரு முனை பேட்டரி மைனஸ் தண்டில், இன்னொன்று செல்ஃபின் இரும்பு உடம்பில். 0.3-க்கு மேல் வரக்கூடாது. 1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் வண்டிகள் ஏராளம். எர்த் போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். முடிந்தால் பேட்டரி மைனஸிலிருந்து செல்ஃபைப் பிடிக்கும் போல்ட்டுக்கே நேராக ஒரு கேபிள் போட்டுவிடுங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

கேபிள் 50 சதுர மி.மீ. செம்பு இருக்கட்டும். மேலே தடித்த பிளாஸ்டிக்கும் உள்ளே மெல்லிய அலுமினியமும் உள்ள கேபிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்து, செல்ஃபுக்கு 10 வோல்ட் போயும் திணறினால் மட்டுமே செல்ஃபைக் கழற்றுங்கள்.

'டக்' என்று ஒரே ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. 'டகடகடக' என்றும் சில நாள் வருகிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. 'டகடக' என்று அடித்துக்கொண்டால் சொலினாய்டு இழுக்கிறது, இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து விட்டுவிடுகிறது. சார்ஜ் இல்லை அல்லது கிளாம்ப் லூஸ்.

ஒரே அழுத்தமான 'டக்' என்றால் சொலினாய்டு இழுத்துப் பிடித்திருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்காமல் அப்படியே எரிந்தால் கரண்ட் மோட்டாருக்குள் போகவில்லை: சொலினாய்டு உள்ளே செம்புத் தட்டு கருகியிருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து, மோட்டார் தண்டில் செம்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டரைத் தொடவில்லை. லைட் அடியோடு மங்கினால் மோட்டார் இழுக்கிறது, சுற்ற முடியவில்லை: பினியன் (செல்ஃபின் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஃபிளைவீல் பல்லில் சிக்கியிருக்கும், அல்லது எஞ்சினே இறுகியிருக்கும். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் கையால் திரும்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லை.

இந்த வரிசை டிராக்டர்களில் ஹை-லோ லிவர் (வேகக் கியர், மெதுக் கியர் மாற்றும் லிவர்) நடுவில் இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். லிவருக்குக் கீழே உள்ள சேஃப்டி சுவிட்ச்தான் அதற்குக் காரணம். முதலில் லிவரை ஆட்டிப் பார்த்து மறுபடி முயலுங்கள். பிறகு டெஸ்ட் பல்பின் ஒரு முனையை எர்த்தில் பிடித்து, கரண்ட் போகும் வழியே வாருங்கள்: சாவி சுவிட்சுக்கு வரும் ஒயர், சுவிட்சிலிருந்து போகும் ஒயர், சேஃப்டி சுவிட்சின் இரண்டு பக்கம், சொலினாய்டின் சின்ன டெர்மினல். எங்கே பல்ப் எரியவில்லையோ, அதற்கு முந்தைய துண்டில் கோளாறு. சில வண்டிகளில் சேஃப்டி சுவிட்ச் சொலினாய்டின் எர்த் பக்கத்தில் இருக்கும்; அங்கே சுவிட்சைத் தாண்டி எர்த் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சொலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டாம். சேஃப்டி சுவிட்சை ஒயர் போட்டு நேராக்கிவிட்டு ஓட்டுவதும் இதே வகைதான். கியரில் நிற்கும் வண்டி செல்ஃப் தொட்டதும் பற்றிக்கொண்டு நகரும். ஷார்ட் செய்பவர் நிற்கும் இடம் முன் சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே. விலகுவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. இப்படிப் போன உயிர்கள் உண்மை. அந்தச் சுவிட்ச் சில நூறு ரூபாய்ப் பொருள். வாங்கிப் போடுங்கள்.

சோதனைக்காகத் தொட்டே ஆக வேண்டும் என்றால், ஸ்டாப்பை இழுத்து, எல்லா லிவரையும் நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சீட்டில் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

செல்ஃப் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை.

பினியன் பல்லைப் பிடிக்கவில்லை. பென்டிக்ஸ் வகையில், பினியன் ஓடிப்போய்ப் பல்லைப் பிடிக்கும் திருகுத் தண்டில் கிளட்ச் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசினாகிவிடும். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடுங்கள். கிரீஸ் வைக்காதீர்கள். கிரீஸ்தான் அடுத்த தூசியைப் பிடித்து வைக்கும். சொலினாய்டு மேலேயே அமர்ந்திருக்கும் வகையில் ஒன்-வே கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) தேய்ந்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

சில நாள் பிடிக்கிறது, சில நாள் 'கர்ர்' என்று அரைக்கிறது என்றால் ஃபிளைவீல் ரிங் பல்லைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏதோ ஒரு கம்ப்ரெஷனுக்கு முன்னால்தான் நிற்கும். ஃபிளைவீலில் 120 டிகிரி இடைவெளியில் அப்படி மூன்றே இடங்கள். பல வருடமாகப் பினியன் மோதுவது அந்த மூன்று இடங்களில்தான். செல்ஃபைக் கழற்றிய ஓட்டை வழியே டார்ச் அடித்து எஞ்சினைக் கையால் சுற்றினால், மழுங்கிய பல்லும் கூரான பல்லும் மாறி மாறி வருவது கண்ணுக்குத் தெரியும். அவசரத்துக்கு எஞ்சினைக் கொஞ்சம் கையால் திருப்பிவிட்டு அடித்தால் பிடிக்கும். தீர்வு புது ரிங். அதற்கு டிராக்டரை நடுவில் பிரிக்க வேண்டும், கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துச் செய்துவிடுங்கள்.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் நிற்காமல் சுற்றுகிறது!

உடனே பேட்டரி எர்த் கிளாம்பைப் பிடுங்குங்கள். சொலினாய்டு உள்ளே செம்புத் தட்டு ஒட்டிக்கொண்டது. சொலினாய்டை மாற்றுங்கள், கூடவே அது ஏன் ஒட்டியது என்றும் பாருங்கள். குறைந்த சார்ஜில் விடாமல் செல்ஃப் அடிப்பதுதான் வழக்கமான காரணம். ஒரு முறைக்குப் பத்து நொடி, பிறகு அரை நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃபை நாமே பிரித்துச் சரிசெய்யலாமா?

பிரஷ் மாற்றுவதும் சுத்தம் செய்வதும் முடியும். பிரஷ் 8 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள். கம்யூட்டேட்டரைக் கண்ணாடித் தூள் தாளால் தேய்க்க வேண்டும். எமரி தாள் கூடாது. அதன் துகள் செம்பில் புதைந்து புது பிரஷை அரைத்துவிடும். கவனிக்க ஒன்று: டைனமோ கம்யூட்டேட்டரில் செம்புகளுக்கு நடுவே உள்ள மைக்காவைச் சுமார் 0.8 மி.மீ. ஆழம் வெட்டிவிட வேண்டும். செல்ஃபில் வெட்டக் கூடாது. இரண்டையும் ஒரே மாதிரி வெட்டித் தரும் கடைகள் உண்டு, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால், உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் இறங்கி, வெளியே நிலையாக நிற்கும் ஃபீல்டு இரும்பில் உரசும். ஆர்மேச்சரில் பளபளப்பான கோடு இருந்தால் அதுதான். வைண்டிங் நன்றாகவே இருக்கும், புஷ் மாற்றினால் போதும்.

வண்டி ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை. டைனமோவா, கட்அவுட்டா?

முதலில் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 12 முதல் 15 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் என்றால் இறுக்குங்கள்.

பிறகு டைனமோவைத் தனியாகச் சோதியுங்கள். அதில் இரண்டு டெர்மினல்: பெரியது டி (D), சின்னது எஃப் (F). இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். டெர்மினல் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். மீட்டரை அந்தக் கம்பிக்கும் டைனமோ உடம்புக்கும் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெல்ல ரைஸ் பண்ணுங்கள். எண் தடங்கலில்லாமல் ஏறி 14, 15-ஐத் தாண்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20-ஐத் தாண்ட விடாதீர்கள், கட்டுப்பாடு இல்லாமல் ஓடுகிறது என்பது நினைவில் இருக்கட்டும். ஐட்லிங்குக்குச் சற்று மேலே போதும்.

எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பிரஷ். அரை முதல் ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் மட்டும் வேலை செய்கிறது, ஃபீல்டு வைண்டிங் அறுந்திருக்கும். 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். வைண்டிங் கடைக்குப் போகும் முன் இது தெரிந்தால், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதும் தெரியும்.

டைனமோ சரி என்றால் கம்பியை எடுத்துவிட்டு ஒயர்களைத் திரும்ப மாட்டி, கட்அவுட் பெட்டியில் டி, எஃப் முனைகளைப் பாருங்கள். அங்கேயும் வோல்டேஜ் வந்து, ஏ டெர்மினலுக்குப் போகவில்லை என்றால் கட்அவுட் மூடவில்லை. 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் அது 'டிக்' என்று மூட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பாயிண்டுகளுக்கு நடுவே மெல்லிய தாளை இழுத்துத் துடைத்துப் பாருங்கள். ஸ்க்ரூவைத் திருகுவதைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஆம்பியர் மீட்டர் 10, 15 காட்டி, அரை மணியில் ஒன்றிரண்டுக்கு இறங்கும். பேட்டரியில் 14 வோல்ட் சுற்றி நிற்கும்.

டைனமோவை ரிப்பேர் செய்து மாட்டினோம். மீட்டர் ஒரு முள் அசையவில்லை.

உள்ளே காந்தம் போயிருக்கலாம் அல்லது தலைகீழாக ஏறியிருக்கலாம். எஃப் ஒயரை டைனமோவிலிருந்து கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து எஃப் டெர்மினலை இரண்டு மூன்று நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். அவ்வளவுதான். கட்அவுட்டோடு எஃப் சேர்ந்திருக்கும்போது இதைச் செய்தால் ரெகுலேட்டர் பாயிண்ட் கருகும்.

பேட்டரி தண்ணீர் வாரா வாரம் குறைகிறது, பல்ப் அடிக்கடி போகிறது.

சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது. ரெகுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் கட்அவுட் பெட்டியின் இ டெர்மினலிலிருந்து போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். வோல்டேஜை அளக்கும் காயிலின் மறுமுனை அந்த எர்த்தில்தான் நிற்கிறது. எர்த் விட்டால் ரெகுலேட்டருக்குக் கண் தெரியாது, டைனமோ முழு வேகத்தில் ஏற்றிக்கொண்டே போகும். டி ஒயரும் எஃப் ஒயரும் எங்காவது உரசி ஒட்டியிருந்தாலும் இதேதான் நடக்கும்.

இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி.

எஞ்சினை அணைத்ததும் ஆம்பியர் மீட்டர் மைனஸ் பக்கம் ஓங்கி நின்றால் கட்அவுட் ஒட்டிக்கொண்டு பேட்டரி டைனமோ வழியே காலியாகிறது. டைனமோ தொட முடியாத அளவுக்குச் சுடும். எர்த் கிளாம்பை உடனே கழற்றுங்கள்.

மீட்டர் நடுவில்தான் நிற்கிறது என்றால், எர்த் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் தண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியரில் வையுங்கள். அப்போது சாவியைத் திருப்பக் கூடாது. இந்த வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, அதனால் பூஜ்யம்தான் வர வேண்டும். ஏதாவது காட்டினால் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நெல், கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டி என்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால் எலி கடித்த இடம் இருக்கும்.

பழைய வண்டியில் பிளஸ் எர்த் என்கிறார்களே?

இங்கிலாந்தில் தயாரான அந்தக் காலத்து டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரி பிளஸ்தான் எர்த். பேட்டரியை மாட்டும் முன் எந்தக் கேபிள் இரும்புக்குப் போகிறது, கிளாம்ப் எந்தத் தண்டின் பருமனுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். பிளஸ் தண்டு சற்றுப் பருமன். மாற்ற விரும்பினால் பேட்டரியைத் திருப்பி மாட்டி, மேலே சொன்னபடி டைனமோவின் எஃப்-ஐத் தொட்டெடுத்து, ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும். செல்ஃப் அதே பக்கம்தான் சுற்றும், ஏனென்றால் ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே திரும்புகின்றன.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

பகலில் உழவு மட்டும் என்றால் தேவையில்லை, இந்த டைனமோ கொடுக்கும் 20 ஆம்பியர் சொச்சம் போதும். ராத்திரியில் டிரெய்லர் ஓட்டுபவர்கள், கூடுதல் லைட் போட்டவர்கள் தாராளமாக மாற்றலாம். ஐட்லிங்கிலும் சார்ஜ் ஏறும். மைனஸ் எர்த் கட்டாயம். கட்அவுட் பெட்டியைச் சுற்றிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. ஒயர் புதிதாக இழுங்கள். பழைய 30 ஆம்பியர் மீட்டர் வழியே அந்தக் கரண்டை விடாதீர்கள். ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் டயோடு போகும். வண்டியில் வெல்டிங் செய்யும்போது இரண்டு கிளாம்பையும் எடுத்துவிடுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை.

ஸ்டாப் முழுதும் உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். சைலன்ஸரில் புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை: டேங்க் வால்வு, ஃபில்டர், ஏர் லாக் (டீசல் வழியில் காற்று அடைப்பு). வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்லெட் மேனிஃபோல்டில் உள்ள தெர்மோஸ்டார்ட் (உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கருவி) வேலை செய்ய வேண்டும்: சாவியை ஹீட்டில் 15, 20 நொடி பிடித்துவிட்டு அடியுங்கள். அது இருக்கும் வண்டியில் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும்.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும் வரிசை?

இரண்டும் 12 வோல்ட், இரண்டும் ஒரே எர்த் என்று முதலில் உறுதி செய்யுங்கள். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். மைனஸ் எர்த்தில் பிளஸுக்குப் பிளஸ்; பிறகு நல்ல பேட்டரியின் மைனஸிலிருந்து, கெட்ட வண்டியின் எஞ்சின் இரும்புக்கு. கடைசி இணைப்பு பேட்டரியிடம் வேண்டாம், அங்கே வரும் பொறி ஹைட்ரஜனைப் பற்றவைக்கும். எடுக்கும்போது தலைகீழ் வரிசை.

அறுவடை முடிந்து மூன்று மாதம் நிற்கப் போகிறது. என்ன செய்ய வேண்டும்?

எர்த் கிளாம்பை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில். பேட்டரி மேலே ஈரமும் ஆசிட் பூச்சும் இருந்தால் அதுவே மெல்லக் கரண்டைக் கசியவிடும். சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள், செல் மூடிக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். டைனமோவின் பின்பக்கம் எண்ணெய் ஓட்டை இருந்தால் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள், அதற்கு மேல் விட்டால் பிரஷ் நனையும். செல்ஃபின் மேல் சாணமும் வைக்கோல் தூசியும் அடைந்திருந்தால் இப்போதே வழித்து எடுங்கள், மழை வந்தால் அது ஈரத்தைப் பிடித்துச் சொலினாய்டு டெர்மினலை அரித்துவிடும்.